கால் பங்குக் கூட்டம்

பூங்காவைத் திரும்பத் திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று அந்த வீட்டில் மூன்று பேருக்கும் வாயெல்லாம் பல். மறுநாள் மேனேஜர் போன் செய்து, வீட்டுக்கு ஒரு ஆளுக்குத்தான் வேலை என்று சொன்னார். அன்று மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

மூன்று பேருமே அந்தப் பூங்காவின் உப்பைத் தின்றவர்கள். மாமியார் கழிப்பறைகளைக் கழுவுகிறவள். பினாயில் அம்மா என்றால்தான் அங்கே ஆளைத் தெரியும். மகன் ராட்சத ராட்டினம் ஓட்டுகிறவன். மருமகள் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவள். காலையில் மூவரும் ஒரே பஸ்ஸில் போவார்கள், சாயங்காலம் ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள். மாமியாருக்குப் பக்கத்து இருக்கையில் எவ்வளவு நெரிசலிலும் ஒருவரும் உட்கார மாட்டார்கள். பினாயில் வாடை அப்படி. “மகாராணிக்குத் தனி சீட்டு” என்று அவளே சொல்லிச் சிரித்துக்கொண்டு காலை நீட்டி உட்காருவாள்.

பிறகு காய்ச்சல் வந்து ஊர் உலகமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டது. பூங்காவையும் பூட்டினார்கள். ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும் இருந்த வீட்டில், வேலைக்குப் போய்ப் பழகிய மூன்று பேர் மாதக்கணக்கில் முட்டிக்கொண்டு கிடந்தார்கள். ஒருத்தர் புரண்டு படுத்தால் இன்னொருத்தருக்கு எரிச்சல் வந்தது. சோற்றில் கை வைக்கும்போது யார் எத்தனை தடவை போட்டுக்கொள்கிறார்கள் என்று கண் தானாகப் போனது. அன்பெல்லாம் வயிறு நிறைந்தவர்களுக்கு என்று மருமகள் அந்த நாட்களில்தான் கண்டுகொண்டாள்.

வீட்டுக்கு ஒரு ஆள் என்பதற்கு மேனேஜர் காரணம் வைத்திருந்தார். ஒரே வீட்டில் இரண்டு பேர் வேலைக்கு வந்தால், ஒருத்தருக்குத் தொற்றினால் இரண்டு பேரும் படுத்துக்கொள்வார்கள். மேலிடத்து உத்தரவுப்படி கூட்டத்தில் கால் பங்கைத்தான் உள்ளே விடலாம். கால் பங்குக் கூட்டத்துக்கு எதற்கு முழுப் படை? அதுவும் ஒரு மாதம்தான் பார்ப்பார்களாம். ஜனங்கள் பயம் தெளிந்து வந்தால் பூங்கா நடக்கும். வராவிட்டால் முதலாளி நிலத்தை விற்றுவிட்டுப் போய்விடுவார்.

“யாரு வர்றதுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்கன்னு சொல்லிட்டாரு,” என்றான் மகன்.

“இதுல பேச என்ன கிடக்கு? நான்தான் போகணும்,” என்றாள் மாமியார். “ராட்டினம் சுத்தலேன்னா எவனும் செத்துட மாட்டான். கக்கூஸ் நாறினா உள்ள கால் வைக்க முடியுமா?”

“கால் பங்கு ஆளுதாம்மா விடப் போறாங்க. வாசல்கிட்ட இருக்கிற கக்கூஸே போதும்கிறாங்க.”

“கால் பங்கு ஆளு வந்தா கால் பங்குதான் போவானா? பயந்துக்கிட்டே வர்றவன் ரெண்டு மடங்கு போவான்டா. எனக்குத் தெரியாதா?”

“அத்தை, சாப்பிடுற நேரத்துல...”

“நீ பேசாதடி. டிக்கெட்டை எல்லாரும் போன்லயே எடுத்துட்டு வரப் போறான். கிழிக்கிறதுக்கு உனக்கு அங்க என்ன இருக்கு?”

“வர்றவங்க நெத்தியில மெஷினை வெச்சுக் காய்ச்சல் பார்க்க ஆள் வேணுமாம். அதுக்குப் பொம்பளை ஆளா இருந்தா நல்லதுன்னு...”

“யாரு சொன்னா?”

“மேனேஜர்தான்.”

“உன்கிட்ட எப்ப சொன்னாரு?”

மருமகள் தண்ணீர் குடித்தாள். குடித்து முடிக்க வேண்டியதைவிட அதிக நேரம் குடித்தாள்.

மகன் குறுக்கே விழுந்தான். “யாரும் சண்டை போட வேணாம். அந்த ராட்டினத்தை என்னைத் தவிர எவன் ஓட்டுவான்? நானே போறேன்.”

“உன்கூட நிக்கிற எலும்பன் ஓட்டுவான்,” என்றாள் மாமியார். “தனிக்கட்டை. அவன் வீட்டுல போட்டிக்கு யாரு இருக்கா? நீ ஒரு வாரம் கத்துக் கொடுத்தல்ல, அது போதும் அவனுக்கு.”

சொந்தத் தாய் வாயால் இதைக் கேட்டதும் அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து கை கழுவப் போனான். அவன் தட்டில் மிச்சமிருந்ததை மாமியார் எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் மாமியார் குளிக்கப் போனபோது மருமகள் கொல்லைப்புறம் துணி எடுப்பதுபோலப் போய் மேனேஜருக்குப் போன் போட்டாள். அவள் பொய் எதுவும் சொல்லவில்லை. அத்தைக்கு வயதாகிறது, நெஞ்சில் படபடப்பு வருகிறது, படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், தினமும் மாத்திரை போடுகிறாள் என்றாள். அத்தனையும் உண்மை. “நீங்க வேலைக்குக் கூப்பிட்டு ஏதாவது ஆயிடுச்சுன்னா உங்களுக்குத்தான் சார் கெட்ட பேரு” என்று அக்கறையாக ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டாள். காய்ந்த துணியை மடித்துக்கொண்டு உள்ளே வரும்போது அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் பசி அதைவிடப் பெரிதாக இருந்தது.

அடுத்த நாள் மேனேஜரே மாமியாருக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் அவளுக்குப் பேசத் தெரியும். அதனால் எல்லோரும் கேட்டார்கள்.

“உங்களுக்கு நெஞ்சுப் படபடப்பு இருக்காமேம்மா. இந்த நேரத்துல உங்களை வெச்சு நான் ரிஸ்க் எடுக்க முடியாது. உங்க மருமகளை அனுப்புங்க. உடம்பைப் பார்த்துக்கங்க.”

போனை வைத்துவிட்டு மாமியார் மருமகளை நிதானமாகப் பார்த்தாள்.

“என் நெஞ்சு படபடக்கிறது மேனேஜர் காது வரைக்கும் எப்படிடி கேட்டுச்சு?”

மாமியார் எழுந்து அலமாரியில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்தாள். குப்பைக்கூடையில் போட்டாள். “இனிமே எனக்கு ஒரு வியாதியும் கிடையாது. எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லு,” என்றாள்.

மகன் மட்டும் ராத்திரி படுக்கும்போது, “ஏன் அப்படிப் பண்ணின?” என்று கேட்டான். “உங்களுக்கு வழி விடத்தான் சொன்னேன். அந்த ஆளு என்னைக் கூப்பிடுவான்னு நான் கண்டேனா?” என்றாள் அவள். அவன் அதைப் பாதி நம்பினான். மீதிப் பாதியை அவள் கொண்டுவரப்போகும் சம்பளத்துக்காக விழுங்கிக்கொண்டான்.

பூங்கா திறந்தது. மருமகள் கையுறை மாட்டிக்கொண்டு, காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். தரையில் ஆளுக்கு ஒரு வட்டம் வரைந்து வைத்திருந்தார்கள். வட்டங்கள் வாசலிலிருந்து சாலை வரை வளைந்து வளைந்து போயின. அவற்றில் வெயில் மட்டும் வரிசையில் நின்றது. உள்ளே பாட்டு அலறிக்கொண்டிருந்தது. சாலையில் போகிறவர்கள் பார்க்க வேண்டும் என்று எலும்பன் வெறும் ராட்டினத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

எப்போதாவது ஒரு குடும்பம் வரும். வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று எட்டிப் பார்க்கும்.

“உள்ள எத்தனை பேரும்மா இருக்காங்க?”

“கூட்டமே இல்லைங்க. தாராளமாப் போகலாம்.”

“யாருமே வரலையா? அப்ப ஏதோ காரணம் இருக்கு. வேணாம்பா, வா போகலாம்.”

இதில் பாடம் கற்றுக்கொண்டு அடுத்த குடும்பத்திடம் மாற்றிச் சொல்வாள்.

“நிறையப் பேர் இருக்காங்க சார். எல்லாரும் சந்தோஷமா விளையாடுறாங்க.”

“அவ்வளவு கூட்டமா? எவன் எதைக் கொண்டுவந்திருக்கானோ. வேணாம்மா.”

ஆள் இல்லையென்றாலும் வரமாட்டார்கள், ஆள் இருந்தாலும் வரமாட்டார்கள். இப்படிப்பட்ட ஜனங்களை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மாமியார் வாசற்படியிலேயே விசாரிப்பாள்.

“இன்னைக்கு எத்தனை நெத்தி?”

“விரல் விட்டு எண்ணிடலாம் அத்தை.”

“நல்லா இருக்கட்டும்,” என்பாள் மாமியார். யார் நல்லா இருக்கட்டும் என்று சொல்லமாட்டாள். அவளுடைய முகத்தில் ஒரு திருப்தி ஓடும். பூங்காவை மூடினால் மூன்று பேரும் சோற்றுக்குச் சிங்கியடிக்க வேண்டியதுதான் என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அந்தத் திருப்தியை அவளால் அடக்க முடியவில்லை.

மாதம் பாதி போனதும் மேனேஜர் ஒரு யோசனையோடு வந்தார். விளம்பரப் படம் எடுக்கப் போகிறார்கள். பூங்காவில் ஜனங்கள் பாதுகாப்பாக, இடைவெளி விட்டு, ஆனந்தமாக இருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். ஆனந்தமாக இருக்க ஜனங்கள் வேண்டுமே? வேலை போன ஆட்களும் அவர்கள் வீட்டாரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு விருந்தாளிகளாக வர வேண்டும். மதியச் சாப்பாடு உண்டு.

“கழுவினவளை விருந்தாளியாக் கூப்பிடுறான் பாரு,” என்று மாமியார் சிரித்தாள். ஆனால் அன்று காலை எல்லோருக்கும் முன்னால் குளித்துத் தயாராகி நின்றது அவள்தான். மகனிடம் மெதுவாகச் சொன்னதை மருமகளும் கேட்டாள். “அந்த ராட்டினத்துல ஏறிக் காட்டுறேன். மேனேஜர் கண்ணால பார்க்கட்டும் எனக்கு நெஞ்சுல என்ன இருக்குன்னு. பார்த்துட்டு என் வேலையத் திருப்பிக் கொடுக்கட்டும்.”

“அம்மா, நீ இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட அதுல ஏறினதில்ல.”

“இத்தனை வருஷம் எவன் ஏறச் சொன்னான்?”

மகன் மருமகளைப் பார்த்தான். நீ ஏதாவது சொல்லேன் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. மாமியார் அதற்கும் முந்திக்கொண்டாள். “அவ வாயைத் தொறந்தா அவ்வளவுதான். ஒரு தடவை தொறந்ததே போதும்.”

அந்த ராட்டினத்தை ஓட்டுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மேலே போகிறவர்கள் போடும் கூச்சலை யாரும் காதில் வாங்குவதில்லை. ராட்டினம் என்றால் எல்லோரும்தான் கத்துவார்கள், அது சந்தோஷமா பயமா என்று கீழே நிற்பவனுக்கு எப்படித் தெரியும்? அதனால் ஏற்றும்போதே சொல்லிவிடுவார்கள். முடியவில்லை என்றால் பெட்டிக்கு வெளியே கையை நீட்டித் தூக்க வேண்டும். கை தெரிந்தால் ராட்டினம் நிற்கும். ராட்டினத்துக்குப் பக்கத்திலேயே கழிப்பறை என்பதால் மாமியாருக்கு இந்த வழக்கம் தலைகீழ்ப் பாடம். கை தூக்கி இறங்கியவர்கள் வாந்தி எடுக்க அவளிடம்தான் ஓடி வருவார்கள்.

வாசலில் ஆள் இல்லாததால் மருமகளை ராட்டினத்தடியில் நிற்க வைத்தார்கள். ஏறுகிறவர்களின் நெற்றியில் அவள் துப்பாக்கி வைப்பதையும் படம் எடுக்க வேண்டுமாம். மாமியாருக்குக் கேமராக்காரன் ஒரு மஞ்சள் தொப்பி கொடுத்திருந்தான். முகக்கவசத்துக்கு மேலே அவள் கண்கள் மட்டும் பளபளத்தன. மருமகள் அவள் நெற்றிக்கு நேரே கருவியை நீட்டினாள்.

“சூடு இல்லை அத்தை.”

“நெஞ்சுக்கும் சேர்த்துப் பார்த்துடு. மேனேஜர்கிட்ட சொல்லணும்ல?”

அப்போதுகூட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேனேஜர் நான்கு அடி தள்ளித்தான் நின்றார். அவருக்கும் படபடப்பு விஷயம் தெரியும். மருமகள் அவரைப் பார்த்தாள். அவர் வானத்தில் வெளிச்சம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்காதபோது நமக்கென்ன என்று அவள் கருவியை இறக்கிக்கொண்டாள்.

ராட்டினம் நிறைந்து தெரிய வேண்டும் என்று ஆளுக்கு ஒரு பெட்டியாக ஏற்றினார்கள். மாமியார் ஒரு பெட்டியில் தனியாக உட்கார்ந்தாள். மகன் அதற்கு எதிர்ப்புறத்துப் பெட்டி. கேமராக்காரன் மெகாபோனில் கத்தினான்.

“எல்லாரும் கையை வெளியே நீட்டி ஆட்டுங்க! முகத்தை மூடியிருக்கு, நீங்க சிரிக்கிறது தெரியாது. கைதான் சிரிக்கணும்!”

எலும்பன் மேனேஜரிடம் போனான். “சார், கை தூக்கினா நிறுத்தணும்னு...”

“இன்னைக்கு நான் சொன்னா நிறுத்து. வேற யார் சொன்னாலும் நிறுத்தாதே.”

ராட்டினம் கிளம்பியது. கைகளெல்லாம் ஆடின. இரண்டு சுற்று, மூன்று சுற்று போனதும் ஆட்களுக்கு அலுத்துவிட்டது. ஒவ்வொரு கையாக உள்ளே போனது. மஞ்சள் தொப்பியின் கை மட்டும் போகவில்லை. தோள் வரைக்கும் வெளியே நீட்டி அது ஆடியது. பெட்டி உச்சிக்குப் போனபோதும் ஆடியது, கீழே வந்தபோதும் ஆடியது.

“அங்க பாருய்யா, அந்தம்மாவை!” என்று துள்ளினார் மேனேஜர். “சின்னப் பசங்க எல்லாம் கையை இறக்கிட்டாங்க. அது விடாம ஆட்டுது பாரு. அந்தப் பெட்டியையே எடு. விடாத!”

பெட்டி ஒவ்வொரு தடவை கீழே வரும்போதும் அந்தக் கை மருமகளுக்கு நேரே வந்து போனது. பார்த்தியாடி, எனக்கு ஒண்ணுமில்லை, உன் வேலை போச்சு என்று அது தன்னிடம்தான் சொல்கிறது என்று அவள் நினைத்தாள். ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. உனக்கு மட்டும்தான் கை இருக்கா என்று அவளும் கையைத் தூக்கி ஆட்டினாள். அடுத்த சுற்றிலும் ஆட்டினாள்.

அதற்கு அடுத்த சுற்றில் மஞ்சள் தொப்பியின் கை பெட்டியின் விளிம்பில் தொங்கியது. “போதும், அருமையா வந்திருக்கு,” என்றான் கேமராக்காரன். அதற்கப்புறமும் ராட்டினம் கொஞ்ச நேரம் சுற்றியது. மேனேஜர் படத்தைக் கேமராவில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்தச் சொன்னார்.

ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து ஆட்களை இறக்கினார்கள். மாமியாரின் பெட்டி வந்தது. எலும்பன் கதவைத் திறந்து, “இறங்கும்மா” என்றான். அவள் இறங்கவில்லை. தொப்பி முன்னால் சரிந்திருந்தது. மருமகள் அவள் தோளைத் தொட்டாள். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் கையில் இருந்த கருவியை அவள் நெற்றிக்கு நேரே நீட்டினாள். சூடு இல்லை.

மகனுடைய பெட்டி இன்னும் உச்சியில் நின்றது. அவன் அங்கிருந்து எட்டிப் பார்த்து, “என்ன, என்ன?” என்று கத்தினான். அவன் கத்துவதை யாரும் காதில் வாங்கவில்லை. கையை வெளியே நீட்டித் தூக்கினான். அப்போதுதான் எலும்பனுக்குச் சுரணை வந்து ராட்டினத்தை இறக்கினான்.

ஊழியர்கள் துணி மாற்றும் அறையில் அவளைக் கிடத்தினார்கள். டாக்டர் வந்து பார்த்து, நெஞ்சடைப்பு, முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். கேமராக்காரன் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். மகன் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அங்கிருந்தே மருமகளிடம் கேட்டான்.

“அம்மா கையைத் தூக்கினாளா?”

“எல்லாரும் தூக்கினாங்க.”

“எல்லாரும் தூக்கினது எனக்குத் தெரியும். நானும்தான் தூக்கினேன். மத்தவங்க இறக்கினதுக்கு அப்புறமும் அவ தூக்கினாளா?”

“தூக்கினாங்க.”

“நீ பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“பார்த்துட்டு என்ன பண்ணின?”

“நானும் ஆட்டினேன்,” என்றாள் மருமகள்.

அவன் அவளை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அடித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எழுந்து போய் அம்மாவின் தலையிலிருந்து மஞ்சள் தொப்பியைக் கழற்றினான். அது பூங்காவின் சாமான் என்று ஒரு ஆள் வந்து வாங்கிக்கொண்டு போனான்.

மேனேஜர் உள்ளே வந்தார். மரியாதைக்குக் கொஞ்ச நேரம் நின்றார்.

“யாரும் கட்டாயப்படுத்தல தம்பி. அவங்களா ஆசைப்பட்டு ஏறினாங்க. கேமராவுல இருக்கு.”

“அவளுக்கு உடம்பு சரியில்லைன்னு உங்களுக்குத் தெரியும்ல சார்? அதைச் சொல்லித்தானே வேலைய விட்டு நிறுத்தினீங்க?”

“வேலைக்கு வேணாம்னு சொன்னேன். விருந்தாளியா வர்றவங்களை எப்படிப்பா வேணாம்னு சொல்றது?” என்றார் மேனேஜர். பிறகு குரலைத் தாழ்த்தினார். “நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. வந்த ஆளு ராட்டினத்துல செத்துப் போச்சுன்னு வெளியில தெரிஞ்சா, இல்ல காய்ச்சல்லதான் போச்சுன்னு எவனாவது கிளப்பி விட்டா, நாளைக்கு இங்க காக்காகூட வராது. அதோட எல்லாருக்கும் முடிஞ்சுது.”

அவர் போனதும் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். படகு ஓட்டுகிறவன், பலூன்காரி, எலும்பன். எட்டியே நின்றார்கள். கண்ணில் தண்ணீர் இருந்தது. பேச்சு மட்டும் ஒன்றேதான்.

“மூச்சு விட்டுடாதீங்கண்ணே. எங்க வீட்டுலயும் அடுப்பு எரியணும்.”

“தங்கமான மனுஷி. போனது போயிடுச்சு. இருக்கிறவங்களைப் பாருங்க.”

பின்பக்கத்துக் குப்பை வண்டி வாசல் வழியாக அவளை எடுத்துக்கொண்டு போனார்கள். தொற்று நேரம் என்பதால் காரியத்துக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களுக்குத்தான் அனுமதி. மகனின் அக்கா தெருமுனையிலேயே தடுத்து நிறுத்தப்பட்டு, அங்கேயே நின்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதுவிட்டுத் திரும்பினாள். பூங்காவுக்குள்ளாவது கால் பங்குக் கூட்டத்தை விடுகிறார்கள். சாவு வீட்டுக்கு அந்தச் சலுகைகூட இல்லை.

மூன்றாம் நாள் மேனேஜர் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். அறையில் புது டிவி இருந்தது. படத்தைப் போட்டுக் காட்டினார். பச்சைப் புல், கழுவிய கைகள், வட்டத்துக்குள் நிற்கும் கால்கள், பிறகு வானத்தை நோக்கி ஏறும் ராட்டினம். கடைசியில் மஞ்சள் தொப்பி. கை ஆடுகிறது. “வாருங்கள், பயம் வேண்டாம்” என்று எழுத்து வருகிறது.

“அம்மா வர்ற இடத்தை எடுத்துடுங்க சார்,” என்றான் மகன்.

“எடுத்துட்டா படத்துல என்னப்பா இருக்கு? புல்லு இருக்கு. புல்லைப் பார்க்க எவன் வருவான்?” மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். “வீட்டுக்கு ஒரு ஆளுங்கிற விதியை உங்களுக்காகத் தளர்த்துறேன். நீ ராட்டினத்துக்குத் திரும்பி வா. எலும்பனை வேற இடத்துல போட்டுக்கிறேன். அதுக்கு மேல நான் என்ன செய்ய முடியும்?”

மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மேனேஜர் மருமகளைப் பார்த்தார். யாரிடம் கேட்க வேண்டும் என்று அவருக்கு எப்போதும் தெரிந்திருந்தது.

“இருக்கட்டும் சார்,” என்றாள் மருமகள். “ஆள் வந்தாத்தானே எல்லாம்.”

ஆள் வந்தது. படம் போன் போனாகப் பரவியது. வாசலிலும் பெரிய டிவி வைத்து அதையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். மருமகள் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே அந்த டிவி. தரையில் வரைந்த வட்டங்களிலெல்லாம் கால்கள் வந்து நின்றன. வட்டம் போதாமல் புதிதாக வரைந்தார்கள். சில நாள் மதியத்துக்கு முன்பே கால் பங்கு நிறைந்துவிட்டது என்று கதவைச் சாத்த வேண்டியிருந்தது. வெளியே நின்றவர்கள் சண்டை போட்டார்கள். வரவே பயந்த ஜனங்கள் இப்போது உள்ளே விடவில்லை என்று கத்துவதைப் பார்த்து மேனேஜருக்கு உச்சி குளிர்ந்தது.

ராட்டினத்தில்தான் தகராறு. ஏறுகிறவர்கள் எல்லோரும் அந்தப் படத்தில் வருவதுபோலக் கையை நீட்டி ஆட்டினார்கள். ஒரு கை வெளியே வந்தாலும் மகன் உடனே நிறுத்திவிடுவான். பெட்டியைக் கீழே கொண்டுவந்து கதவைத் திறந்து, “என்ன பண்ணுது? இறங்கணுமா?” என்று கேட்பான். அவர்கள் சிரிப்பார்கள், பிறகு எரிச்சல்படுவார்கள். அரை மணி நேரத்தில் ஒரு முழுச் சுற்றுகூட ஓடவில்லை. மேனேஜர் மருமகளிடம் வந்து, “உன் வீட்டுக்காரன்கிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா நல்லா இருக்காது,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் சொன்னாள். “கையைப் பார்க்காதீங்க.”

“பின்ன எதைப் பார்க்கிறது?”

“மெஷினைப் பாருங்க. கீழ பாருங்க. எதையாவது பாருங்க. இன்னொரு தடவை நிறுத்தினா ரெண்டு பேருக்கும் வேலை இல்லைங்க.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மறுநாளிலிருந்து ராட்டினத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து ஓட்டினான். புகார் எதுவும் வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் நல்ல கூட்டம். ஒரு தாயும் மகனும் வரிசையில் வந்தார்கள். தாய்க்கு மாமியார் வயது இருக்கும். முறை வந்ததும் வட்டத்தை விட்டு நகராமல் நின்றுவிட்டாள்.

“எனக்கு என்னமோ பயமா இருக்குடா. நீ போயிட்டு வா, நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன்.”

“இவ்வளவு தூரம் வந்துட்டு என்னம்மா? அந்தம்மாவைப் பார்த்துட்டுத்தானே நானும் வர்றேன்னு கிளம்பின?” என்று மகன் டிவியைக் காட்டினான்.

“அதெல்லாம் காசு கொடுத்து நடிக்க வெச்சிருப்பாங்க.” அவள் டிவியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மருமகளிடம் திரும்பினாள். “ஏம்மா, நீ இங்கயே நிக்கிறவதானே? அந்தம்மா நிஜமாவே வந்தவங்களா? போயிட்டு வந்து அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?”

பின்னால் வரிசை முணுமுணுத்தது. தன் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர் இடுப்பில் கை வைத்து நின்றார். இந்த அம்மா திரும்பிப் போனால் பின்னால் நிற்பவர்களில் இன்னும் நாலு பேர் யோசிப்பார்கள். மருமகள் கருவியைத் தூக்கி அந்தத் தாயின் நெற்றிக்கு நேரே பிடித்தாள்.

“அவங்க எங்க அத்தைதாம்மா. இவரோட... என் வீட்டுக்காரரோட அம்மா.”

“அட, உங்க மாமியாரா?”

“ஆமாம்மா. நல்லா இருக்காங்க. வீட்டுலதான் இருக்காங்க.”

அந்தத் தாயின் முகத்தில் பயமெல்லாம் தெளிந்தது. முகக்கவசத்துக்கு மேலே கண் சிரித்தது. “மருமகளே சொல்றா, அப்புறம் என்னடா? வா,” என்று மகன் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.